கழுத்தில் ஒரு சுரப்பி

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை அடுத்துள்ள சிற்றூர் எம். புதுப்பட்டி. தீப்பெட்டியும் பட்டாசும் சூழ்ந்த வட்டாரம் அது. அங்கே ஒரு தாய், குருதிச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளியிற் பயிலும் தம் மகளிடம், "டி.எஸ்.எச். 12 என்று போட்டிருக்கிறதே. இது கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?" என்று வினவுவதாகக் கொள்வோம். அம்மகள் என்ன விடை கூறுவாள்?

நம் கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்துள்ளது தைராய்டுச் சுரப்பி. எடையில் ஏறத்தாழ 20 கிராமே இருக்கும். உண்ணும் உணவிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்து, அதனைக் கொண்டு இது தைராக்சின் என்னும் நீரைச் சுரக்கிறது. இந்நீரை அமெரிக்க அறிஞர் கெண்டல் என்பார் 1914-ஆம் ஆண்டில் தனியே பிரித்தெடுத்தார். ஓர் அணுத்திரளில் நான்கு அயோடின் அணுக்கள் இருத்தலின் இதனை டி4 என்பர். மூன்று அணுக்கள் உடையது டி3. இதயம் துடிப்பதும், குடல் அசைவதும், உடல் வெம்மை காப்பதும் இந்நீரின் அளவைப் பொறுத்தனவே.

இச்சுரப்பியை மேற்பார்க்க ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியே அது. தொழிற்சாலையில் வேலை மந்தமானால் கணக்குப்பிள்ளையின் குரல் உயரும்; வேலை செவ்வனே நடந்தால் குரல் தணியும். அந்தக் குரலே டி.எஸ்.எச். ஆகவே அது மிகுந்து காணப்பட்டால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்பது பொருள். பலரும் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வீணே மகிழ்வதோ அஞ்சுவதோ உண்டு.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருத்தல் இயல்பு. எனினும் ஆய்வகந்தோறும் கருவிகள் வேறுபடுதலின், தாளிலேயே அச்சிட்டுள்ள எல்லையோடு ஒப்பிடுதல் வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு எல்லை வேறு. டி.எஸ்.எச். உயர்ந்து, டி4 குறைந்திருப்பின் சுரப்புக் குறைவு உறுதி. டி.எஸ்.எச். சிறிதளவே உயர்ந்து, டி4 இயல்பாக இருப்பின் மருத்துவர் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்கச் சொல்வார்; மருந்தின்றியே சீராவதும் உண்டு. ஒரே தாளைக் கொண்டு நாமே தீர்ப்புக் கூறுதல் தகாது.

சுரப்புக் குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், உடல் பருத்தல், மறதி ஆகியன மெல்ல மெல்லத் தலைகாட்டும். உடலின் காப்புப் படையே சுரப்பியைத் தாக்குதல் இதற்கு ஒரு பெருங்காரணம். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அயோடின் குறைவு மற்றொரு காரணம். இமயத்தின் அடிவாரத்துக் காங்கிராப் பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலையால் மக்கள் பெரிதும் வருந்தினர். 1956-இல் டாக்டர் இராமலிங்கசாமி முதலியோர் அங்கே அயோடின் கலந்த உப்பை வழங்கி ஆய்ந்தனர். சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. கடைகளில் வாங்கும் உப்புப் பொட்டலத்தின்மேல் அயோடின் கலந்தது என்று எழுதியிருப்பதன் பின்னணி இதுவே.

சிவகாசி வட்டாரத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பட்டாசில் பயன்படும் பெர்குளோரேட் என்னும் உப்பு, தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வாயிலை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. 2013-இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிவகாசிப் பகுதியிலிருந்து எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17-இல், இதன் அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க வரம்பை மிஞ்சியிருந்தது. ஒரு மாதிரியில் 7,690 மைக்ரோகிராம்! குழாய் நீரில் அளவு மிகக் குறைவாகவே இருந்தது. இதனைக் கொண்டு இவ்வூர்களில் காணும் தைராய்டுக் குறைவெல்லாம் பட்டாசால் வந்தது என்று முடிவு கட்டுதல் கூடாது. அவ்வாய்வும் மேலாய்வு வேண்டும் என்றே கூறியது. அயோடின் போதிய அளவு உள்ள உடலை இது எளிதில் வருத்துவதில்லை.

தாய்க்கு மருத்துவர் தைராக்சின் மாத்திரை தந்தார் எனக் கொள்வோம். அதனைக் காலையில், வெறும் வயிற்றில் நீருடன் விழுங்குதல் வேண்டும். அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியும் உணவும் ஆகா. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடலில் தைராக்சினின் பாதி குறைவதற்கே ஒரு வாரம் ஆகும். ஆதலால் அளவு மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுசோதனை செய்வர். அதற்குமுன் சோதித்தால் பணம்தான் வீண்.

அளவு சீராகியும் சோர்வு நீங்காதோர் சிலர் உண்டு. "தாளில் எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று அவர்களை ஒதுக்குதல் நன்றன்று. குருதிச் சோகை, பி12 குறைவு, உறக்கக் கேடு, மனச்சோர்வு ஆகியவையும் அதே துன்பத்தைத் தரும். அவற்றையும் மருத்துவர் ஆராய்தல் வேண்டும். சோர்வு தீரும் என்று எண்ணி மாத்திரையைத் தாமே கூட்டுவோர் இதயத் துடிப்புக் கோளாறையும் எலும்புத் தேய்வையும் விலைக்கு வாங்குவோர் ஆவர்.

மகள் இப்பொழுது ஒரு குறிப்பேட்டில் நாள், டி.எஸ்.எச்., டி4, மாத்திரையின் அளவு, உடல்நிலை என ஐந்து கட்டங்கள் வரைந்து, முதல் வரியில் 12 என்று எழுதுகிறாள்.