மலையை வெட்டினால் கண்மாய்க்குத் தண்ணீர் ஏது?

நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கும் எங்களுக்கு மலை என்றால் வெயிலில் கொதிக்கும் மொட்டைப் பாறை. அடைமழையில் போய்ப் பார்த்தால்தான் அது செய்கிற வேலை புரியும். பக்கத்துக் கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சுனை நிறைந்து வழிய, சரிவெல்லாம் விரற்கனத்துக்குத் தண்ணீர் இறங்கும். காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். பாறை அப்படியே ஓடைக்குத் தள்ளிவிடும். ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழைதான் பெய்கிற சீமையில் கண்மாய் நிறைவது இந்தப் பாறைகளால்தான்.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் இப்படி 7 குன்றுகள். 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசே கணக்குச் சொல்லி, 2022 நவம்பரில் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழும் இடம். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனது!

திறந்தவெளிச் சுரங்கம் குழியோடு நிற்பதில்லை. எங்கள் கடும்பாறை பூமியில் நிலத்தடி நீர் விரிசல்களில்தான் ஒளிந்திருக்கிறது. ஆழக் குழி வெட்டினால் சுற்றுக் கிணறுகளின் ஊற்று அதற்குள் இறங்கும். வேலை நடக்க அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அள்ளிக் கொட்டிய கழிவுப்பாறை ஓடையை அடைத்தால் கண்மாய்க்கு வரத்து நின்றது.

சுரங்கம் ஊர் நீரைக் குடிப்பது வேறு இடத்திலும் நடந்ததுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் பிளாக் மேசா என்ற வறண்ட மேட்டுநிலத்தில், நிலக்கரியைத் தூளாக்கித் தண்ணீரில் கலந்து, சுமார் 440 கி.மீ. குழாயில் தள்ளினார்கள். அதற்கு நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. தங்கள் ஊற்றுகள் வற்றுவதாக ஹோப்பி, நவஹோ மக்கள் பல ஆண்டு முறையிட்டார்கள். 2005 கடைசியில்தான் அந்தக் குழாய் நின்றது.

இங்கே டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துக் கிராமசபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனாலும் பாரம்பரியத் தலம் என்ற காப்பு அந்த 193 ஹெக்டேருக்குத்தான். அதற்கு வெளியே விழும் மழையும் கண்மாய்களுக்குத்தான் வருகிறது. இனி எந்த மலையை ஏலத்தில் வைக்க நினைத்தாலும், முதலில் கண்மாய் நீரைப் பங்கிட்டு விடும் ஊர் நீர்பாய்ச்சிகளை அழைத்து வரத்துக்கால்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறிக்கட்டும்.