குழந்தைகளில் ஈய நச்சு

குழந்தைகளில் ஈய நச்சு என்பது காற்று, நீர், மண், வண்ணப்பூச்சு, உணவு முதலியவற்றின் வழியாக உடலில் சேரும் ஈயத்தால் குழந்தைகளுக்கு, சிறப்பாக ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு, ஏற்படும் உடல்நலக் கேடு ஆகும். பெருமளவில் சேர்ந்தால் வயிற்றுவலி, வலிப்பு, நினைவிழப்பு, இறப்பு ஆகியவை நேரும். சிறிதளவில் சேரும்போது வெளியே தெரியும் அறிகுறி எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் மூளையின் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. இந்த இரண்டாவது வகைக் கேடு உண்டு என்பதை நிறுவுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. சூழல் மாசு பற்றிய ஆய்வு முறைகள் பல இச்சிக்கலை ஒட்டியே வளர்ந்தன என்பதால் இதன் வரலாறு தனிக் கவனத்துக்கு உரியது.

பெயர்

இக்கட்டுரையில் ஈயம் என்று குறிக்கப்படுவது அணுவெண் 82 கொண்ட காரீயம் ஆகும். அணுவெண் 50 கொண்ட வெள்ளீயம் வேறொரு தனிமம். பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் பூசப்படுவதும், தமிழகத்து வீடுகளில் ரசம் வைக்கப் பயன்படும் ஈயச் சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயத்தாலேயே. பேச்சுவழக்கில் இரண்டும் ஈயம் என்றே வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. எனினும் வெள்ளீயத்துடன் காரீயம் கலக்கப்பட்டிருந்தால், புளிப்புள்ள உணவில் அது கரைந்து சேரக்கூடும். எனவே இவ்வகைப் பாத்திரங்களில் உலோகத்தின் தூய்மை முக்கியமானது.

உடலில் செயற்படும் விதம்

ஈயத்தால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டு நேர் மின்னூட்டங்களைக் கொண்ட ஈய அயனியை உடல் பல இடங்களில் கால்சியம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. குடலில் கால்சியம் நுழையும் வழியிலேயே ஈயமும் நுழைகிறது. எலும்பில் கால்சியம் படியும் இடத்தில் படிகிறது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இடங்களில் கால்சியத்தின் பணியைக் குலைக்கிறது. குருதியின் சிவப்புநிறப் பொருளை உருவாக்கும் நொதிகளைத் தடுப்பதால் குருதிச்சோகையும் உண்டாகிறது.

குழந்தைகள் மிகுதியாகப் பாதிக்கப்படுவதற்குக் காரணங்கள் பல. வளர்ந்தோர் உட்கொள்ளும் ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே குடலால் உறிஞ்சப்படுகிறது. சிறு குழந்தைகளில் இது பாதியளவு வரை செல்லக்கூடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் இன்னும் மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே ஊட்டக்குறைவுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு ஒரே அளவு மாசு கூடுதல் தீங்கு செய்கிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் பழக்கத்தால் தூசும் மண்ணும் நேரே உள்ளே செல்கின்றன. குருதியிலிருந்து மூளைக்குள் நச்சுகள் புகாமல் காக்கும் தடுப்பு அவ்வயதில் முழுமை பெற்றிருப்பதில்லை.

குருதியில் உள்ள ஈயம் சில வாரங்களில் பாதியாகக் குறைகிறது. எலும்பில் படிந்ததோ பல்லாண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது, அவர் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயமும் வெளியேறி, நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைகிறது.

ஈயத்தின் அளவு பொதுவாக ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் குருதியில் எத்தனை மைக்ரோகிராம் உள்ளது என்று கூறப்படுகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கீழே அலகின்றிக் கூறப்படும் அளவுகள் யாவும் இந்த அலகிலேயே உள்ளன.

தொடக்ககால ஆய்வுகள்

ஈயக் குழாய் நீர் உடலுக்குத் தீங்கானது என்று உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதியுள்ளார். ஆயினும் நெடுங்காலம் இது சுரங்கத்திலும் உருக்காலையிலும் பணிபுரியும் தொழிலாளர்களின் நோயாகவே கருதப்பட்டது.

குழந்தைகளின் நோயாக இதை அடையாளம் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து மருத்துவர்கள். 1892-ல் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகளிடம் ஈய நச்சு காணப்படுவதாக ஜெஃப்ரிஸ் டர்னரும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் அறிவித்தனர். மூலம் எது என்பது உடனே புலப்படவில்லை. 1904-ல் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர் அதைக் கண்டறிந்தார். அங்குள்ள மரவீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசப்பட்ட வெள்ளை வண்ணம் ஈயச் சேர்மத்தால் ஆனது. வெயிலில் அது பொடிந்து, விளையாடும் குழந்தைகளின் விரல்களில் ஒட்டியது; விரல் சூப்பும், நகம் கடிக்கும் குழந்தைகள் நோயுற்றனர். குயின்ஸ்லாந்து 1922-ல் இவ்வண்ணத்தைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களுக்கான தடை 1978-ல்தான் வந்தது. கிப்சனின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 74 ஆண்டுகள்.

உயிர் பிழைத்த குழந்தை முழுமையாகக் குணமடைந்துவிட்டது என்பதே அன்றைய மருத்துவக் கருத்து. பாஸ்டன் நகரில் ராண்டால்ஃப் பையர்ஸ், எலிசபெத் லார்ட் ஆகியோர் 1943-ல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. குணமானதாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட 20 குழந்தைகளைப் பள்ளி வயதில் அவர்கள் மீண்டும் தேடிச் சென்று சோதித்தனர். அவர்களுள் ஒருவர் மட்டுமே பள்ளியில் தேறியிருந்தார்.

பெட்ரோலில் ஈயம்

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் என்னும் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சினில் ஏற்படும் தட்டொலி நிற்கிறது என்று கண்டறிந்தார். 1923-ல் விற்பனை தொடங்கியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் மனம் பிறழ்ந்து இறந்தனர். 1925-ல் வாஷிங்டனில் அரசு கூட்டிய கருத்தரங்கில் தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், உடலியங்கியல் அறிஞர் யாண்டெல் ஹெண்டர்சன் முதலியோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆலைக்குள் பாதுகாப்புச் செய்துவிடலாம். தெருவில் செல்லும் மக்களுக்கு என்ன செய்வது என்பதே அவர்களது கேள்வியின் சாரம். எனினும் தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926-ல் குழு முடிவு செய்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகள் இத்துறையில் ராபர்ட் கெஹோ என்பவரின் கருத்தே கோலோச்சியது. அவரது ஆய்வகம் பெருமளவில் இத்தொழில் நிறுவனங்களின் பணத்தில் இயங்கியது. எல்லா மனிதர் உடலிலும் ஈயம் உள்ளது. ஆகவே அது இயற்கை. குருதியில் 80 என்ற அளவுக்குக் கீழ் தீங்கில்லை என்று அவர் வாதிட்டார்.

இவ்வாதத்தின் அடிப்படையைத் தகர்த்தவர் மருத்துவர் அல்லர். கிளேர் பேட்டர்சன் என்னும் புவிவேதியியலாளர், விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஓரிடத்தான்களை அளந்து புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் கணித்தவர். அவ்வளவீட்டின்போது ஆய்வகத்தின் காற்று, நீர், கண்ணாடிக் கலங்கள், தம் உடை, தோல் என எங்கும் ஈயம் இருந்து கணக்கைக் குலைத்ததால், ஈய மாசு அறவே இல்லாத ஆய்வகம் ஒன்றை அவர் அமைக்க நேர்ந்தது. இந்தத் தொல்லையே அடுத்த ஆய்வுக்கு வித்தாயிற்று. தற்கால மனிதர் உடலில் உள்ள ஈயம் இயற்கையான அளவைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு இருக்கும் என்று 1965-ல் அவர் எழுதினார். எங்கும் காணப்படுவது வேறு, இயற்கையானது வேறு என்பதே அவர் காட்டிய வேறுபாடு. பின்னர் கிரீன்லாந்துப் பனிப்படிவுகளில் ஈயத்தின் அளவு தொழிற்புரட்சிக்குப் பின் ஏறியதையும், பெட்ரோலில் ஈயம் வந்தபின் மேலும் விரைந்து ஏறியதையும் அவரும் உடன் ஆய்வாளர்களும் அளந்து காட்டினர்.

பால்பற்கள் ஆய்வு

நோய் அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கும் தீங்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. குருதிச் சோதனை அண்மைய சில வாரங்களின் கதையை மட்டுமே கூறும். குழந்தைகள் நல மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், விழும் பால்பற்களில் பல ஆண்டுகளின் ஈயம் தங்கியிருக்கும் என்பதைப் பயன்படுத்தினார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சோமர்வில் ஆகிய ஊர்களில் தொடக்கப்பள்ளி மாணவர்களிடமிருந்து பற்கள் திரட்டப்பட்டன. பல்லில் ஈயம் மிகுந்த 58 பேரும் குறைந்த 100 பேரும் ஒப்பிடப்பட்டனர். 1979-ல் வெளியான முடிவின்படி, மிகுந்த குழுவின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 4 புள்ளிகளுக்கும் மேல் குறைவாக இருந்தது. பல்லில் ஈயம் எவ்வளவு என்று அறியாத ஆசிரியர்கள், ஈயம் ஏறஏறக் கவனச்சிதறலும் ஏறியதாக மதிப்பிட்டிருந்தனர்.

நான்கு புள்ளிகள் என்பது ஒரு குழந்தையிடம் எவரும் கவனிக்காத வேறுபாடு. ஒரு நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் சராசரி 4 புள்ளிகள் இறங்கினால், தனி உதவி தேவைப்படும் அளவுக்குப் பின்தங்கியோர் தொகை பெரிதும் உயர்கிறது. மிகுதிறன் கொண்டோர் தொகை அதேபோல் சுருங்குகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் இவ்வாய்வின் முக்கியத்துவத்தை உணர்வது கடினம்.

இம்மாணவர்களுள் 132 பேரை 11 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, பல்லில் ஈயம் மிகுந்திருந்தோர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமல் விடும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தது. இம்முடிவு 1990-ல் வெளியானது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஈயத்தால் அறிவு மங்கவில்லை, மந்தமான குழந்தைகளே மண்ணையும் வண்ணத்தையும் தின்கின்றன என்பது ஒரு வாதம். இதற்கு விடை காண, பிறப்பின்போது தொப்புள்கொடிக் குருதியிலேயே ஈயத்தை அளந்து, குழந்தைகளை ஆண்டுதோறும் பின்தொடரும் ஆய்வுகள் பாஸ்டனிலும், ஈய உருக்காலை அமைந்த ஆஸ்திரேலிய ஊரான போர்ட் பிரியிலும், பிற இடங்களிலும் நடத்தப்பட்டன. ஈயம் முதலில் வந்தது, குறைபாடு பின்னர் தெரிந்தது என்பதை அவை காட்டின. 1991-ல் நீடில்மன் மீது ஆய்வு ஒழுங்கீனக் குற்றச்சாட்டு எழுப்பப்பட்டது. விசாரணையைத் திறந்த அவையில் நடத்துமாறு அவரே வற்புறுத்தினார். ஒழுங்கீனம் எதுவும் இல்லை என்று 1992-ல் முடிவாயிற்று.

இறங்கிக்கொண்டே வந்த எல்லை

ஐக்கிய அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கவலைக்குரியதாகக் கருதப்பட்ட குருதி ஈய அளவு 1960-களில் 60 ஆக இருந்தது. அது 1970-ல் 40, 1975-ல் 30, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5 என்று குறைக்கப்பட்டது. ஈயத்தின் தன்மை மாறவில்லை. அளவிடும் முறைகள் நுட்பமாயின. 3.5 என்பது பாதுகாப்பான எல்லை என்று பலர் தவறாகக் கொள்கின்றனர். அந்நாட்டுச் சிறு குழந்தைகளுள் மிகுதியான ஈயம் கொண்ட 2.5 விழுக்காட்டினரைப் பிரித்துக்காட்டும் புள்ளிவிவரக் கோடு மட்டுமே அது. பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

புரூஸ் லான்பியர் தலைமையில் 2005-ல் வெளியான ஆய்வு, பல நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளின் 1,333 குழந்தைகளை ஒன்றாகக் கணக்கிட்டது. குருதி ஈயம் 2.4-லிருந்து 10-க்கு ஏறும்போது நுண்ணறிவு ஈவில் ஏறத்தாழ 4 புள்ளிகள் குறைந்தன. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது 2, 20-லிருந்து 30-க்கு ஏறும்போது 1. முதலில் சேரும் சிறிதளவே மிகுதியாகக் கெடுக்கிறது என்பது பலரும் எதிர்பாராத முடிவு.

சிகிச்சையால் இழப்பை மீட்க முடியுமா என்பதும் சோதிக்கப்பட்டது. குருதி ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு சக்சிமர் என்னும் ஈயம் நீக்கும் மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. மருந்து ஈயத்தைக் குறைத்தது. ஆனால் மூன்றாண்டுகள் கழித்துச் சோதித்தபோது அறிவுத்திறனில் இரு குழுவினரிடையே வேறுபாடு இல்லை என்று 2001-ல் அறிவிக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தான அளவில் இம்மருந்துகள் இன்றியமையாதவை. குறைந்த அளவில், ஈயம் வரும் வழியை அடைப்பது ஒன்றே வழி.

பெட்ரோலிலிருந்து நீக்கம்

1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. ஈயம் அதன் பிளாட்டினத்தைக் கெடுப்பதால் ஈயமற்ற பெட்ரோல் தேவைப்பட்டது. குழந்தைகளைக் காப்பதற்கு முன் கருவியைக் காக்கவே ஈயம் விலகத் தொடங்கியது எனலாம். 1976-க்கும் 1980-க்கும் இடையே பெட்ரோலில் ஈயப் பயன்பாடு குறையக் குறைய, மக்களின் சராசரிக் குருதி ஈயமும் அதே போக்கில் 37 விழுக்காடு குறைந்தது. 1996-ல் அந்நாடு சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலை முற்றிலும் தடை செய்தது. அல்ஜீரியா 2021-ல் விற்பனையை நிறுத்தியதோடு, உலகில் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. சிறிய பிஸ்டன் எஞ்சின் வானூர்திகளில் இது இன்னும் பயன்படுகிறது.

இந்தியாவில்

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் விலக்கப்பட்டது. அதன் பின்னரும் சிக்கல் தீரவில்லை என்பதைச் சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களது சராசரிக் குருதி ஈயம் 11.4 ஆக இருந்தது. ஈயம் மிகுந்த குழந்தைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் மிகுந்திருந்ததாக ஆசிரியர்களின் மதிப்பீடு தெரிவித்தது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட சுவர்களும் சன்னல்களும் கதவுகளும் அப்படியே உள்ளன. அவற்றைச் சுரண்டிப் புதுவண்ணம் அடிக்கும்போது எழும் தூசு இன்றும் ஈயத்தின் மூலமாகலாம்.

இன்றைய மூலங்கள்

யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 80 கோடி குழந்தைகளின் குருதி ஈயம் 5 அல்லது அதற்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டது. இது மூன்றில் ஒரு குழந்தை. பழைய வண்டி மின்கலங்களைக் குடியிருப்புகளுக்கு அருகே திறந்தவெளியில் உடைத்து உருக்குவது இன்று முதன்மையான மூலங்களுள் ஒன்று. நைஜீரியாவின் சாம்ஃபாரா மாநிலத்தில் ஈயம் கலந்த தங்கத்தாதுவை வீட்டு முற்றங்களில் பொடித்ததால் 2010-ல் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014-ல் குடிநீர் மூலம் மாற்றப்பட்டபோது, அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய ஈயக் குழாய்கள் அரிக்கப்பட்டு நீரில் ஈயம் கலந்தது.

வங்காளதேசத்தில் கருவுற்ற பெண்களின் குருதியில் ஈயம் இருந்ததற்கு, மஞ்சள்தூளுக்கு நிறமேற்றச் சேர்க்கப்பட்ட ஈயக் குரோமேட்டு ஒரு காரணம் என்று 2019-ல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அரசு சந்தைகளில் சோதனை நடத்தி, கலப்படம் செய்த வணிகர்களுக்குத் தண்டம் விதித்து, அச்செய்தியைப் பரவலாக அறிவித்தது. 2019-ல் சோதிக்கப்பட்ட மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. 2021-ல் எடுக்கப்பட்ட மாதிரிகள் எதிலும் அது காணப்படவில்லை.