மிளகு தின்ற ரோமாபுரி

ரோம் நகரத்தை கி.மு. 753இல் ரோமுலஸ் என்பவன் நிறுவினான் என்பது ரோமர்களே சொல்லிவந்த கதை. உண்மையில் அது தைபர் ஆற்றங்கரைக் குன்றுகளின்மேல் குடிசைகளாகத் தொடங்கிய ஊர். முதலில் மன்னர்கள் ஆண்டார்கள். கி.மு. 509 வாக்கில் மன்னரை விரட்டிவிட்டுக் குடியரசு அமைத்தார்கள். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு கான்சல்களும் செனட் சபையும் சேர்ந்து ஆண்ட அந்தக் குடியரசுதான் இத்தாலியை வென்றது, கி.மு. 146இல் கார்த்தேஜை அழித்து மத்தியதரைக் கடலைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. வெற்றியோடு பணம் வந்தது, பணத்தோடு உள்நாட்டுப் போர்கள் வந்தன. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். அவருடைய வளர்ப்பு மகன் ஆக்டேவியன் கி.மு. 30இல் எகிப்தைப் பிடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அகஸ்டஸ் என்ற பட்டத்துடன் முதல் பேரரசரானார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு கி.மு. 30தான். எகிப்தோடு செங்கடல் துறைமுகங்களும் ரோமர் கைக்கு வந்தன. மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக அக்காலத்து எழுத்தாளர் ஸ்டிராபோ குறிக்கிறார். ஜூலையில் கிளம்பினால் தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை நேராக மேற்குக் கரையில் சேர்த்துவிடும். மார்கழி, தை வாக்கில் எதிர்த்திசையில் வீசும் காற்றைப் பிடித்துத் திரும்பலாம்.

அந்தக் கப்பல்கள் யாருக்காகச் சரக்கு ஏற்றின? அகஸ்டஸ் காலத்தில் ரோம் நகரில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் மதிப்பீடு. செல்வர்களுக்கு முற்றம் வைத்த தனி வீடுகள். மற்றவர்களுக்கு ‘இன்சுலா’ எனப்பட்ட அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புகள். தரைத்தளத்தில் கடைகள், மேலே போகப்போக அறை சிறுக்கும், வாடகையும் குறையும். மாடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தெருக்குழாயில் பிடித்துச் சுமக்க வேண்டும். கட்டடம் இடிவதும் தீப்பிடிப்பதும் அன்றாடச் செய்தி என்பதால், 70 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று அகஸ்டஸ் வரம்பு விதித்தார். அப்படியும் கி.பி. 64இல் நீரோ காலத்துப் பெருந்தீ நகரின் பெரும்பகுதியைத் தின்றது.

அரசுக் கட்டடங்களின் கதை வேறு. ரோமர்கள் சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பலையும் உடைகல்லையும் கலந்து ஒருவகைக் கான்கிரீட் செய்தார்கள். கி.பி. 126 வாக்கில் முடிந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம். கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் அதுதான். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் சூழ வாழும் அரியலூர்க்காரர்கள் இதைப் பெருமூச்சோடு படிக்கலாம்.

விடிந்ததும் வேலை தொடங்கிவிடும். நண்பகலுக்குப் பின் பொதுக் குளியலகம். வெந்நீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, உடற்பயிற்சி, ஊர்ப்பேச்சு எல்லாம் அங்கேதான். மாலையில் பெரிய சாப்பாடு. ஏழையின் இலையில் கோதுமை ரொட்டி அல்லது கூழ், பயறு, ஆலிவ் எண்ணெய், மீனை உப்பிட்டு ஊறவைத்து இறக்கிய ‘காரம்’ என்ற சாறு. பெயர்தான் காரம், சுவை உப்பு. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பெய் நகரில், ஒரு ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து கருகிய ரொட்டிகள் 81 எடுக்கப்பட்டன. ரோம் நகரில் சுமார் 2 லட்சம் குடிமக்களுக்கு மாதந்தோறும் தானியம் இலவசம். நம்மூர் ரேஷன் கடைக்கு மூத்த திட்டம் அது. இந்த வசதிகளின் அடியில் அடிமைகளின் உழைப்பு கிடந்தது. சமையல், சுரங்கம், வயல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது வரை அவர்கள் செய்யாத வேலை இல்லை.

உண்மையான காரத்துக்கு ரோமர்கள் நம்பியது சேர நாட்டு மிளகை. அபீசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் மிளகு சேராத பண்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மிளகுக்கென்றே ரோம் நகரின் நடுவில் கிடங்கு கட்டினார் பேரரசர் தொமிஷியன். கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் வெள்ளி என்று ரோம எழுத்தாளர் ப்ளினி விலை எழுதிவைத்திருக்கிறார். இது செல்வர் வீட்டுப் பண்டம் மட்டுமல்ல. ரோமர் ஆண்ட பிரிட்டனின் வட எல்லையில் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த, கி.பி. 100ஐ ஒட்டிய மரப்பலகைக் கணக்கு ஒன்றில், காம்பக்ஸ் என்ற சாதாரணப் படைவீரன் பெயரில் 2 தெனாரியஸுக்கு மிளகு பதிவாகியிருக்கிறது. எகிப்தின் பெரெனிகே துறையில் ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

மிளகு மேற்குக் கரைச் சரக்கு. காவிரிக் கரைக்கு வேறு பங்கு இருந்தது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொடுமணல், கரூர், உறையூர் வழியாகக் காவிரிப்பூம்பட்டினம் வரை நீண்ட பெருவழி, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குச் சற்றுத் தெற்கே சென்றது. கொடுமணலில் மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. படியூர்ப் பச்சைக்கல்லுக்கு ரோமப் பெண்களிடம் மிகுந்த கிராக்கி. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’, ஆர்கரு என்னும் உள்நாட்டு ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. ஆர்கரு என்பது உறையூர்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக டி.வி. மகாலிங்கம் தலைமையில் உறையூரில் அகழ்ந்தபோது சாயத்தொட்டி வெளிப்பட்டது. பருத்தி இன்றும் பெரம்பலூர்க் கரிசலின் முக்கியப் பயிர்.

பதிலுக்கு வந்தவை பொன், வெள்ளி, திராட்சை மது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடுகிறார். அந்த மது வந்த இருகாது ஜாடிகளின் ஓடுகளைப் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியெடுத்தார். இத்தாலியக் குயவர்களின் முத்திரை பதித்த சிவப்புத் தட்டுகளும் கூடவே கிடைத்தன. ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஜாடிகள் அங்கே குறைவு. அவை வந்து தங்கிய வணிகர்களின் சொந்தச் சாப்பாட்டுக்காக இருந்திருக்கும்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமேல் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது நாணயமல்ல, எடைக்குப் பொன் என்று காட்டவே அப்படி வெட்டினார்கள் என்பது பொருத்தமான விளக்கம். ரோமப் பேரரசரின் முகத்துக்குக் காவிரிக்குத் தெற்கே தனி மதிப்பு எதுவும் இல்லை.

இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை விழுங்குகிறது என்று ப்ளினி புலம்பினார். ஆடம்பரத்தைக் கண்டிக்க வந்தவரின் கணக்கு அது. அதைவிட நம்பத்தக்கது வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் தாள். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பல் ஏற்றிவந்த தந்தமும் வாசனைப் பொருளும் அதில் நிறுத்து விலை போடப்பட்டுள்ளன: ஒரே கப்பலின் சரக்கு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். இறக்குமதிச் சரக்கில் நாலில் ஒரு பங்கு வரி. யார் இழந்தாலும் ரோமக் கருவூலம் இழக்கவில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் உள்நாட்டுக் குழப்பம், கொள்ளைநோய், மட்டமான நாணயம் ஆகியவற்றால் ரோமப் பேரரசு தள்ளாடியது. கடல் வணிகமும் சுருங்கியது. அடியோடு நின்றுவிடவில்லை: நான்காம் நூற்றாண்டின் சிறு செப்புக்காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலில் ஏராளமாகக் கிடைத்தன; நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார். 408இல் கோத்தியத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது கேட்ட கப்பத்தில் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. 476இல் மேற்கு ரோமப் பேரரசு முடிந்தது. கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பகுதி 1453 வரை நீடித்தது.

ரோமானியக் காசுகளை நேரில் பார்க்க விரும்புவோர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும், அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்க புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம்.