மழைநாளுக்கு ஏற்ற கௌபிச் சூப்பு

ஐப்பசி கழிந்து வடகீழ்ப் பருவக்காற்று வலுத்துவிட்டால், யாழ்ப்பாணக் குடாநாட்டு இல்லங்களில் ஒரு கவலை தலைகாட்டுகின்றது. கடல் கொந்தளிப்பதால் மீன் வரத்துக் குறைகின்றது, விலையோ ஏறுகின்றது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மழைநாளில் வருமானமும் இல்லை. இந்நாட்களிற் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதத்தை எவ்வாறு அளிப்பது? ஒரு சட்டி கௌபிச் சூப்பு இதற்கு நல்ல விடையாகும்.

உலர்ந்த கௌபி 100 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் உண்டு. அரிசியிற் குறைவாகவுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயற்று வகைகளில் மிகுந்திருக்கின்றது. பயற்றிற் குறைவாகவுள்ள மெதியோனினை அரிசி ஈடுசெய்கின்றது. ஆகவே, சோறும் பயறும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் இணைபிரியா உணவுகளாம்.

ஆயினும், “கௌபி இலேசில் அவியாது, விறகுதான் வீண்” என்று சலித்துக்கொள்ளும் இல்லத்தரசிகள் பலர். 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக வரிசையில் நின்ற நாம், இச்சலிப்பை அலட்சியஞ் செய்ய இயலாது. ஆனால் குற்றம் பயற்றில் மட்டும் இல்லை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்திருப்பதால், நம் கிணறுகள் பலவற்றின் நீர் கல்சியம் மிகுந்த வன்னீராகும். அக்கல்சியம் பயற்றின் கலச்சுவரிலுள்ள பெக்டினோடு பிணைந்து, அது இளகவிடாமற் தடுக்கின்றது.

இதற்கு மருந்தை மழையே கொண்டுவருகின்றது. மழைநீர் மென்னீர் அல்லவா? முதற் பெய்யும் மழையை விட்டுவிட்டு, பின்னர் முற்றத்தின் நடுவே சுத்தமான பாத்திரத்தை வைத்து, வாயை மெல்லிய துணியாற் கட்டி நீரேந்துக. கூரையில் வழிந்த நீர் வேண்டாம்.

நால்வருக்கு 200 கிராம் கௌபி போதுமானது. அதனைக் கல், மண் நீக்கிக் கழுவி, முதல்நாள் இரவே மழைநீரில் ஊறவிடுக. காலையில் ஊறிய நீரை ஊற்றிவிட்டு, ஒன்றரை லீற்றர் புது மழைநீரில் மஞ்சள் சிறிதிட்டு அவிக்கவும். நன்றாகக் கொதித்ததும் நெருப்பைத் தணித்து, சட்டியை மூடிவிடுக. விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்ததும், பாதிப் பயற்றை அகப்பையால் மசித்துவிடுக. சூப்பு தானே தடிக்கும். பின்பு அரிந்த சின்ன வெங்காயம், தட்டிய உள்ளி நான்கு பல், இடித்த மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு பிடி முருங்கையிலை, அளவான உப்பு ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் கொதிக்கவிடுக. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுக.

புளியைக் கடைசியில் விடுவதற்குக் காரணம் உண்டு. புளிப்பு, பயறு மென்மையாவதைத் தாமதப்படுத்தும். தக்காளிப்பழமோ பழப்புளியோ சேர்ப்போரும் பயறு அவிந்த பின்னரே சேர்த்தல் வேண்டும். விரைவில் அவிவதற்காக அப்பச்சோடா இடும் வழக்கமும் உண்டு. அது தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடுமாதலால் தவிர்ப்பதே நன்று. நெடுநாள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பழம்பயறு எந்நீரிலும் எளிதில் அவியாது; ஆகையால் வாங்கும்போதே புதியதாகப் பார்த்து வாங்குக.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவு கௌபியை ஒரு சட்டியிற் கிணற்று நீரிலும் மற்றொன்றில் மழைநீரிலும் ஊறவைத்து, ஒரேயளவு நெருப்பில் அவித்து, எது முந்துகின்றதென நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். இரசாயனப் பாடம் அடுப்படியிலேயே விளங்கிவிடும். சோதனை முடிந்ததும் இரு சட்டிச் சூப்பும் வீட்டாரின் பசியையும் ஆற்றும்.