சட்டைக் கறையும் மூலக்கூறு இயந்திரமும்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஒரு சொட்டுக் குழம்புகூடச் சிந்தாமல் வீடு திரும்புவது கடினம். அந்தக் கறையில் சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகிவிடும். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தித் தட்டிலும் இதே கதைதான். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிறம் வரும். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பழைய நிறம் திரும்பும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற மூலக்கூறுதான் இதற்குக் காரணம். காரம் சேரும்போது அது ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது; அமிலம் சேரும்போது திரும்பப் பெறுகிறது. ஆகவே இது ஓர் இரசாயன விசை. மின்விளக்கின் சுவிட்சைப் போலவே இதையும் இரு பக்கமும் மாற்றலாம். (மலாய்ப் பாடநூலில் ‘காரம்’ என்றால் உப்பு, தமிழில் காரம் என்றால் ‘பேஸ்’. குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

இந்த விசையால் நிறத்தை மட்டுமின்றி, ஒரு மூலக்கூறின் உறுப்பையே இடம் மாற்ற முடியுமா?

இரண்டு நிலையங்கள், ஒரு வளையம்

முடியும் என்று காட்டியவர்களுள் முக்கியமானவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஃபிரேசர் ஸ்டோடார்ட். மூலக்கூறு இயந்திரங்களுக்காக 2016-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஜான்-பியர் சொவாஜ், பெர்னார்ட் ஃபெரிங்கா ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் இவர்.

1991-இல் இவரது குழு, கம்பி போன்ற ஒரு மூலக்கூறில் வளைய வடிவ மூலக்கூறு ஒன்றைக் கோத்தது. வளையம் கழன்று விழாதபடி இரு முனைகளிலும் தடிமனான பகுதிகள் இருந்தன. கம்பியில் வளையம் தங்குவதற்கு ஒரே மாதிரியான இரண்டு இடங்கள். அவற்றை ‘நிலையம்’ என்றே வேதியியலாளர்கள் அழைக்கிறார்கள். சாதாரண அறை வெப்பத்தில் வளையம் இவற்றுக்கிடையே விநாடிக்குச் சுமார் 500 முறை போய் வந்தது. ஆனால், ‘இங்கே நில்’ என்று அதற்குக் கட்டளையிட வழியில்லை.

1994-இல் ஸ்டோடார்ட்டும் ஏஞ்சல் கைஃபரும் தங்கள் சகாக்களோடு அந்த வழியைக் கண்டனர். இம்முறை இரண்டு நிலையங்களும் வேறுவேறு: ஒன்று பென்சிடின், மற்றது பைஃபீனால். வளையத்துக்கு நான்கு நேர் மின்னூட்டங்கள் உண்டு. அது பெரும்பாலும் பென்சிடினில்தான் தங்கியது. அமிலம் சேர்த்ததும் பென்சிடின் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று, தானும் நேர் மின்னூட்டம் பெற்றது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? வளையம் பைஃபீனாலுக்கு இடம்பெயர்ந்தது. காரம் சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்கியதும் பழைய இடத்துக்கே திரும்பியது.

தள்ளியது யார்?

அமிலம் வளையத்தைத் தள்ளவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலுக்கு மோட்டாரும் பிரேக்கும் உண்டு. இந்த வளையத்துக்கு இரண்டுமே இல்லை. சுற்றியுள்ள திரவத்தின் மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் மோதி, அதை எல்லாத் திசையிலும் உலுக்கிக்கொண்டே இருக்கின்றன.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஜாலான் தெங்கு கெலானா கூட்டத்தில் சிக்கிக்கொண்டதாக நினைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் இடிபடுவீர்கள். பிடித்த முறுக்குக் கடை எதிர்ப்பட்டால் நின்றுவிடுவீர்கள். அந்தக் கடை மூடியிருந்தால், அதே கூட்டம் உங்களை அடுத்த கடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அமிலம் செய்தது கடையை மூடும் வேலை மட்டுமே. நகர்த்தியது கூட்டம். நாம் கட்டுப்படுத்துவது ‘எங்கே தங்குவது வசதி’ என்பதைத்தான்.

2004-இல் இதே அமில, கார விசையைக் கொண்டு மூலக்கூறு ‘மின்தூக்கி’ ஒன்றும் உருவானது. அதன் தளம் ஏறி இறங்கியது சுமார் 0.7 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு.

குறையும் தீர்வும்

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று படித்திருக்கிறோம். விசையை மாற்றி மாற்றிப் போட்டால் கழிவு சேர்ந்துகொண்டே போகும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ குழு 2017-இல் இதற்கு ஒரு தீர்வு காட்டியது. அவர்கள் பயன்படுத்திய டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் வேலையை முடித்ததும் கார்பன் டைஆக்சைடாகவும் குளோரோஃபார்மாகவும் தானே சிதைந்துவிடுகிறது. ஒரு முறை ஊற்றினால் இயந்திரம் ஒரு சுற்றை முடித்துத் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

இயற்கை இதில் நம்மைவிட எவ்வளவோ முன்னே நிற்கிறது. நம் உயிரணுக்களில் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம் ஹைட்ரஜன் அயனிகளின் ஓட்டத்தால் சக்கரம்போல் சுழன்று, உடலுக்கு வேண்டிய ஆற்றல் மூலக்கூறுகளை உருவாக்குகிறது. இதைப் படிக்கும் இந்த நொடியிலும் உங்களுக்குள் அது சுழன்றுகொண்டிருக்கிறது.

இதனால் என்ன பயன்?

செயற்கை மூலக்கூறு இயந்திரங்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தில்தான் உள்ளன. ஆனால் இரசாயன விசைகள் வெளியே வந்துவிட்டன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்த பிரசன்ன டி சில்வா, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1993-இல் தம் குழுவினருடன் ஒரு மூலக்கூறை வெளியிட்டார். ஹைட்ரஜன் அயனி, சோடியம் அயனி இரண்டும் இருந்தால் மட்டுமே அது நன்கு ஒளிரும். கணினிப் பாடத்தில் வரும் ‘அண்ட் கேட்’ இதுதான். அவர் வளர்த்த ஒளிர் உணரிகளின் வழியில் வந்த கருவிகள், இரத்தத்தின் சோடியம் அளவை அறிய மருத்துவமனைகளில் பயன்பட்டுள்ளன.

அறிவியல் பிரிவில் 60 விழுக்காடு மாணவர்கள் என்பது நம் நாட்டின் நீண்டகால இலக்கு. இருந்தும், “கெமிஸ்ட்ரி வெறும் மனப்பாடம், எஸ்.பி.எம்.மில் ‘ஏ’ கிடைக்காது” என்று படிவம் 4-இலேயே ஒதுங்குபவர்கள் நம்மிடையே பலர். நோபல் பரிசு பெற்ற துறையின் விசையும், பலர் தேர்வோடு மறந்துவிடும் ‘அமிலம், காரம், உப்பு’ பாடமும் ஒன்றே. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன், மதிப்பெண் கணக்கோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தப் பாடம் எனக்குப் பிடிக்கவில்லையா, அல்லது இது எங்கே கொண்டுபோகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையா?