பூனைக்கு வரும் கொரோனா: எந்தப் பூனைக்கு ஆபத்து அதிகம்?



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். காத்தோங் பக்கம் குடியிருக்கிற மகனோ மகளோ பூனை வளர்த்தால் ஊரிலுள்ள தாய்க்குக் கவலை வந்துவிடுகிறது. "பூனைக்கும் கொரோனா வருமாமே, அதைத் தெருவில் விட்டுடச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்கள். விட வேண்டாம். ஏன் என்பதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கொரோனா என்பது ஒரு கிருமியின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நமக்கு வந்த கோவிட்-19. இது பெரும்பாலும் மனிதரிடமிருந்துதான் பூனைக்குப் போகிறது. 2021 நவம்பரில் சிங்கப்பூர் மண்டாய் இரவு விலங்குத் தோட்டத்தில் சிங்கங்களுக்கு இது வந்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னை வண்டலூரிலும் சிங்கங்களுக்கு வந்தது. பூனையிடமிருந்து மனிதருக்கு வந்தது மிக அபூர்வம். 2021இல் தாய்லாந்தில், நோயுள்ள பூனை முகத்தில் தும்மியதால் ஒரு மிருக வைத்தியருக்குத் தொற்றியது. ஆகவே உங்களுக்குக் கோவிட் கண்டால், குணமாகும்வரை பூனையைக் கொஞ்சாதீர்கள்.

மற்றது, பூனைக்கே உரிய கொரோனா. இது மனிதருக்குத் தொற்றாது. பூனையின் குடலில் தங்கி, மலத்தின் வழியாக வெளியேறும். அதே மண் தட்டில் கால் வைத்த அடுத்த பூனை காலை நக்கும்போது அதற்குள் போய்விடும். ஒரே கக்கூசைப் பத்துக் குடும்பம் பயன்படுத்திய பழைய லயத்தில் வயிற்றுப்போக்கு எப்படிப் பரவியது? அதே கதைதான்.

தொற்றிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது, நாலு நாள் பேதியோடு போய்விடும். நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பூனைகளில் மட்டும் கிருமி உடம்புக்குள்ளேயே உருமாறி, குடலைவிட்டு இரத்த அணுக்களில் புகுந்துகொள்ளும். அப்போது வருவதுதான் வயிற்று உள்ளுறை அழற்சி. டாக்டர்கள் 'எஃப்.ஐ.பி.' என்பார்கள். வைத்தியம் செய்யாவிட்டால் அனேகமாகப் பூனை பிழைக்காது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. இரண்டு வயதுக்கு உட்பட்ட குட்டிகள். நோய் காணும் பூனைகளில் பெரும்பாலானவை இவைதான்.
2. பல பூனைகள் நெருக்கமாக, ஒரே மண் தட்டில் போகிற வீடுகள், காப்பகங்கள், விற்பனைக்குக் குட்டி வளர்க்கும் இடங்கள்.
3. சில உயர்சாதிப் பூனைகள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியவை.
4. அலைக்கழிப்பு. வீடு மாற்றுவது, புதுப் பூனை வந்து சேர்வது, அறுவைச் சிகிச்சை, பிரயாணம் இவையெல்லாம் பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.
5. ஏற்கெனவே வேறு நோயுள்ள பூனைகள்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீவக வீடுகளில் 1989 முதல் பூனைக்குத் தடை இருந்தது. 1.9.2024 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். இரண்டு என்ற கணக்கு இந்த நோய்க்கும் நல்ல கணக்குத்தான். கூட்டம் குறைந்தால் கிருமியும் குறையும்.

அறிகுறிகள்: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சாப்பிடாமை, மெலிவு. வயிறு மட்டும் பானைபோல் வீங்கலாம், மூச்சு வாங்கலாம், கண் கலங்கலாம், நடை தள்ளாடலாம். இதைப் பார்த்தால் 'புழுதான்' என்று நாள் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். முக்கியமாக, பூனைக்குப் பெனடால் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு விஷம்.

முன்பு இந்த நோய்க்கு மருந்தே இல்லை. 2019இல் அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் நீல்ஸ் பீடர்சன் குழுவினர் 'ஜி.எஸ். 441524' என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 பிழைத்து நீண்ட நாள் இருந்தன. 2023இல் சைப்ரஸ் தீவில் நாய்க் கொரோனாவோடு கலந்த புதுவகைக் கிருமி ஏராளமான பூனைகளைக் கொன்றபோது, மனிதருக்கு வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்க அந்நாட்டு அரசே அனுமதித்தது. ஆனால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எடை பார்த்து, இரத்தம் பார்த்து, பல வாரம் விடாமல் கொடுக்க வேண்டிய மருந்து இது.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. பூனைக்கு ஒரு மண் தட்டு, கூடுதலாக ஒன்று. மலத்தைத் தினமும் அள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தூரமாக வையுங்கள். உலர்ந்த இடத்தில் கிருமி 7 வாரம் வரை இருக்கும், ஆனால் நீர் கலந்த குளோராக்சுக்குத் தாங்காது. கழுவியபின் நல்ல தண்ணீர் விட்டு அலசிக் காய வையுங்கள். டெட்டால் வேண்டாம், பூனை நக்கினால் கெடுதல்.

கடைசியாக ஒன்று. 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரில் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் திட்டம் நிறுத்தப்பட்டு, பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. அன்று சீனச் சந்தைகளில் சார்ஸ் கிருமி காணப்பட்ட பிராணி புனுகுப்பூனை, நம்மவர்கள் முசாங் என்பது. பேரில்தான் அது பூனை, சாதியே வேறு. வீட்டுப் பூனைக்கும் அந்த நோய் பரவியதற்கும் சம்பந்தமில்லை.

பயத்தில் பூனையைத் தெருவில் விட்டால் என்ன ஆகும்? பட்டினி, சண்டை, கூட்டம் என்று மேலே சொன்ன ஆபத்தெல்லாம் அதன் தலையில் ஒன்றாக விழும். ஆகவே ஊரிலிருந்து போன் போடும்போது, "விட்டுடு" என்று சொல்லாதீர்கள். "மண் தட்டைச் சுத்தமா வை, வயிறு வீங்கினா டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லுங்கள்.