படகு நம்மது, இன்ஜின் யாருது?

போன வாரம் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தேன். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல இருக்கிற கடலோரம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. கரையில ஒரு மீனவர் அண்ணன் தன்னோட ஃபைபர் போட்டு பக்கத்துல உட்கார்ந்து வலை பிரிச்சுக்கிட்டு இருந்தார். "கடலுக்குப் போகலையாண்ணே?"ன்னு கேட்டேன்.

"போட்டு நல்லாத்தான் கெடக்கு தம்பி. ஓட்டை விழுந்தா நாங்களே ஒட்டிருவோம். இன்ஜின் பார்ட்டுதான் வரல. அது வெளிநாட்டுச் சாமான். வர்ற வரைக்கும் நமக்குக் கரைதான்."

இந்த எபிசோடுக்காக நான் பல வாரமா படிச்சதை அவர் ரெண்டு வரியில சொல்லிட்டார். இந்தியாவுல முதல்முதலா ஒரு ஃபைட்டர் விமானம் உருவான கதையும் இதேதான். அது நடந்தது 1942ல், இரண்டாம் உலகப் போருக்கு நடுவுல.

முதல்ல இந்தக் கரையில அன்னைக்கு என்ன நிலைமைன்னு பார்ப்போம். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான்னு ஊரே நம்புச்சு. அரசு அலுவலகங்களை உள்ளூர்ப் பக்கம் மாத்தினாங்க. ஜனங்க மூட்டை முடிச்சோட கிளம்பினாங்க. காட்டுப்பள்ளிக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கிற செங்குன்றம் ஏரி, பிரிட்டிஷ் விமானப்படையோட காடலினா கடல்விமானங்கள் இறங்குற தளமா மாறுச்சு. இவ்வளவு நீளக் கடற்கரையைக் காக்க ஃபைட்டர் வேணும். அதை யார் செய்யறது?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினவர் வால்சந்த் ஹீராசந்த். விசாகப்பட்டினத்துல கப்பல் கட்டும் தளம் ஆரம்பிச்ச அதே தொழிலதிபர். 1939ல் ஒரு விமானப் பயணத்துல வில்லியம் பாலி என்கிற அமெரிக்கரைச் சந்திச்சார். பாலி அப்போ சீனாவுல விமானத் தொழிற்சாலை நடத்திக்கிட்டு இருந்தார். "இதை இந்தியாவுல செய்ய முடியுமா?" அப்படித்தான் பேச்சு ஆரம்பிச்சது. மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் நிலமும் பணமும் கொடுக்க முன்வந்தார். 1940 டிசம்பர் 23 அன்று பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பதிவானது. இன்னைக்கு ஹெச்ஏஎல்னு சொல்றோமே, அதோட பிறப்பு இதுதான்.

1941 ஏப்ரலில் இந்திய அரசு 48 கர்ட்டிஸ் ஹாக் ஃபைட்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. டிசைன் அமெரிக்காவோடது. உள்ளே இருந்தது ரைட் சைக்ளோன்: 9 சிலிண்டர், ஏறத்தாழ 1,200 குதிரைசக்தி. அதுவும் அமெரிக்காவோடது. பெங்களூரில் கட்டின முதல் ஹாக் 1942 ஜூலை 31 அன்று பறந்தது. தொழிற்சாலை பதிவாகி 20 மாசம்கூட ஆகலை. நிஜமாவே பெரிய சாதனை.

ஆனா அதுக்கப்புறம் முடிஞ்சது இன்னும் நாலே நாலு. மொத்தம் 5 விமானத்தோட திட்டத்தைக் கைவிட்டாங்க.

நம்ம ஆளுங்களுக்குத் திறமை இல்லையான்னு உடனே ஒரு கேள்வி வரும். அதுக்கு ஆஸ்திரேலியாவைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். அதே போர், அதே ஜப்பான் பயம். அங்கே 1941 டிசம்பர் கடைசியிலதான் பூமராங் என்கிற ஃபைட்டரை வரையவே ஆரம்பிச்சாங்க. 1942 மே 29ல் அது பறந்துடுச்சு. நம்ம ஹாக்குக்கு ரெண்டு மாசம் முன்னாடி. ஆனா அவங்க 250 விமானம் கட்டினாங்க.

வித்தியாசம் போருக்கு முன்னாடி நடந்ததுல இருக்கு. அங்கே விமானத் தொழிற்சாலை 1936லேயே வந்தாச்சு. விர்ராவே என்கிற பயிற்சி விமானத்தை ஏற்கெனவே வரிசையா கட்டிக்கிட்டு இருந்தாங்க. பூமராங்ல பல பாகங்கள் அதிலிருந்தே எடுத்தது. முக்கியமா, அதோட ட்வின் வாஸ்ப் இன்ஜின் உள்நாட்டிலேயே லைசென்ஸ்ல தயாராச்சு. இந்தியாவுல அப்போ ஒரு கார் இன்ஜின்கூட தயாராகலை. காலனி அரசு அப்படிப்பட்ட தொழிலை வளர விடலை. சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும்: நாம எழுதின கோடு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வேற எவரோ எழுதின லைப்ரரி. அவர் நிறுத்திட்டா நம்ம ஆப்பும் நின்னுடும்.

போர் அவசரத்துல பெங்களூருக்கு வேற வேலை வந்தது. 1942ல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கிட்டது. 1943ல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்புக்குப் போய், அடிபட்ட விமானங்களைச் சரிசெய்யும் பெரிய ஒர்க்‌ஷாப்பா மாறுச்சு. காடலினாக்கள் பெல்லந்தூர் ஏரியில வந்து இறங்கி ரிப்பேருக்குப் போகும். ஆமாங்க, இன்னைக்கு நுரை பொங்குற, டிராஃபிக்ல மாட்டிக்கிற அதே பெல்லந்தூர்தான்.

அது வீண் போகலை. ஆயிரக்கணக்கான கைகள் அங்கே வேலை கத்துக்கிட்டன. 1942 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்தில் வி. எம். காட்கே தலைமையில் வானூர்திப் பொறியியல் துறை ஆரம்பமாச்சு. காட்கே குழு வடிவமைச்ச ஹெச்டி-2 பயிற்சி விமானம் 1951ல் பறந்தது. உடம்பு கட்ட நாம கத்துக்கிட்டோம்.

இன்ஜின் கதை மட்டும் மாறலை. ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபைட்டர் ஃபோக்க-வுல்ஃப் 190ஐ வடிவமைச்ச குர்ட் டாங்க், 1956ல் பெங்களூர் வந்தார். அவர் குழுவின் ஹெச்எஃப்-24 மாருத் 1961 ஜூன் 17ல் பறந்தது. ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகத்துக்காக வரைஞ்ச விமானம் அது. நினைச்ச இன்ஜின் கிடைக்கலை. கிடைச்ச சின்ன ஆர்ஃபியஸ் இன்ஜினை வெச்சு ஒலியின் வேகத்தைத் தொடுறதே பெரிய பாடா போச்சு.

ஜெட் இன்ஜின் ஏன் இவ்வளவு கஷ்டம்? உள்ளே டர்பைன் பிளேடு மேல மோதுற வாயுவோட சூடு, அந்த உலோகமே உருகுற சூட்டைவிட அதிகம். அந்த நெருப்புல நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுத்திக்கிட்டே பிளேடு உருகாம நிக்கணும். அதுக்கு ஒற்றைப் படிகமா வார்த்த உலோகக் கலவை வேணும், உள்ளுக்குள்ள காத்து போற நுண்துளைகள் வேணும். இந்த வித்தையை எந்த நாடும் சும்மா சொல்லித் தராது. நாம 1989ல் காவேரி இன்ஜின் திட்டத்தை ஆரம்பிச்சோம். ஆனா தேஜஸ் 2001ல் முதல்முறை பறந்ததே அமெரிக்க எஃப்404 இன்ஜின்லதான்.

2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டாங்க. அதே ஆண்டு 99 இன்ஜின்களுக்கு ஆர்டர் போச்சு. முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதுவரைக்கும்? அண்ணன் சொன்ன மாதிரி, கரைதான்.

1942 கதையில எனக்குப் பிடிபட்டது இதுதான்: போர் வந்தப்புறம் அவசரமா செஞ்சா 5 விமானம் கிடைக்கும். 250 கட்டணும்னா, யாரும் கேட்காத அமைதியான வருஷங்கள்லயே இன்ஜின் பட்டறைக்குப் பணம் போட்டிருக்கணும். தோத்தாலும் தொடரணும்.

முடியும்ங்கிறதுக்கு அத்தாட்சியும் அந்தக் கரைக்குப் பக்கத்துலயே இருக்கு. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினா இங்கிருந்தே தெரியும். அந்த ஏவுதளத்துக்குப் பேர் சதீஷ் தவான். இன்ஜினியரிங் முடிச்ச கையோட, 1940கள்ல அவர் வேலை பழகின இடம் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். ராக்கெட்டுக்கு நாம இன்ஜின் செஞ்சுட்டோம். கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தப்போ, பல வருஷம் தோத்துத் தோத்து நாமே செஞ்சோம்.

நான் கிளம்பும்போது அண்ணன் இன்னும் வலைதான் பிரிச்சுக்கிட்டு இருந்தார். "பார்ட்டு எப்போ வரும்ணே?" "அதை அவன்தானே தம்பி சொல்லணும்"னார்.